காட்டு மானும் கலைக் கண்ணும்

(இரண்டாமாண்டு இளம் அறிவியல், விலங்கியல்)

மான் என்றதும் நம் மனத்தில் எழுவது எது? துள்ளல், மருட்சி, பெரிய கண்கள். இத்தகைய விலங்கைப் படம் பிடித்தால் படமும் தானே அழகாக அமைந்துவிடும் என்றே நானும் எண்ணியிருந்தேன். அது தவறென உணர்த்தியவர், எழுதப் படிக்கத் தெரியாத என் தந்தை.

சென்ற ஆண்டு எங்கள் துறையினர் முதுமலைக்குக் கல்விச் சுற்றுலா சென்றோம். திருமணப் படம் எடுக்கும் ஸ்டுடியோக்காரரிடம் ஒரு கேமராவை வாடகைக்கு வாங்கிச் சென்றேன். வனத்துறை வண்டி நின்ற இடத்தில் புள்ளிமான் கூட்டமொன்று மேய்ந்துகொண்டிருந்தது. தலை நிமிர்ந்தால் கொம்பு நன்றாகத் தெரியுமே என்று விசிலடித்தேன். நிமிர்ந்தன, படம் எடுத்தேன், மறுநொடி கூட்டமே ஓடிவிட்டது. வழிகாட்டி கடிந்துகொண்டார். சரணாலயத்தில் விலங்குகளைச் சீண்டுவதை 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

படத்தைப் பிரின்ட் போட்டு வீட்டில் காட்டினேன். என் தந்தை ஆடு மேய்ப்பவர். சிறிது நேரம் பார்த்தார். “தம்பி, இது பயந்து நிக்குது. மேயிற ஆடு இப்படிக் காதை வெடைக்குமா?” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். விலங்கியல் படிக்கும் எனக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்திருந்தது!

அதன் பிறகே பட அமைப்பைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கினேன். தமிழ் வகுப்பில் நாம் படிக்கும் முதல், கரு, உரி என்னும் பாகுபாட்டைக் கொண்டே இதனை விளக்கலாம்.

முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். புள்ளிமானின் புள்ளிகள் இலைகளினூடே விழும் வெயில் திட்டுகளோடு கலந்துவிடும். அதற்குப் பாதுகாப்பாகும் அதுவே நமக்குத் தொல்லை. ஆகவே பின்புலம் தொலைவிலும் நிழலிலும் இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். காலையிலும் மாலையிலும் சாய்வாக வரும் வெயில் உடலின் திரட்சியைக் காட்டும். கதிரவன் மானுக்குப் பின்னால் இருந்தால் காதோரமும் முதுகும் ஒளிக்கோடாக மின்னும். வண்ணம் கூடக் கட்டாயமில்லை. இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996) பெரும்பாலும் கறுப்பு வெள்ளையிலேயே காட்டு விலங்குகளைப் படம் பிடித்தார்.

கருப்பொருள் என்பது மானும் அதன் சுற்றமும். மரத்தில் மந்திகள் உண்டு சிந்தும் தழைகளையும் காய்களையும் கீழே நிற்கும் மான்கள் தின்னும். ஒன்றின் எச்சரிக்கைக் குரலை மற்றது புரிந்துகொள்ளும். மானை மட்டும் பெரிதாக்காமல், கிளையையும் மந்தியையும் சேர்த்து எடுத்தால் அந்த உறவே படமாகிவிடும். கலைமானின் கொம்போ ஆண்டுதோறும் உதிர்ந்து முளைப்பது. வளரும்போது அதன்மேல் மென்மையான தோல் போர்த்தியிருக்கும். எனவே கொம்பைப் பார்த்தே அது வாழ்வின் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

உரிப்பொருள் என்பது மானின் மனநிலை. படச் சட்டத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் மும்மூன்றாகப் பிரித்துக்கொண்டு, கோடுகள் வெட்டும் ஓரிடத்தில் மானின் கண்ணை வைக்கலாம். அது நோக்கும் பக்கம் வெற்றிடம் விடவேண்டும். இல்லையேல் சுவரில் முட்டி நிற்பதுபோல் தோன்றும். கேமரா மானின் கண் மட்டத்தில் இருப்பது நன்று. உயரத்திலிருந்து எடுத்தால் மான் குறுகிப்போகும். இவை அனைத்தையும்விட முக்கியமானது, அது நம்மை மறந்திருக்க வேண்டும் என்பது. காது விடைத்து, உடல் இறுகி, முன்னங்காலால் தரையைத் தட்டினால் நாம் வரம்பு மீறிவிட்டோம் என்று பொருள்.

விடுமுறையில் வேலை செய்த கூலியைக் கொண்டு இவ்வாண்டு மீண்டும் முதுமலை சென்றேன். இம்முறை விசில் இல்லை. வண்டிக்குள் அசையாமல் காத்திருந்தேன். கிடைத்தது ஒரே நல்ல படம். அதிலும் கொம்பின் நுனி ஒன்று சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. தந்தையிடம் காட்டினேன். “இது மேயுது” என்றார்.

மாணவ நண்பர்களே! மானை நம் சட்டத்துக்குள் விரட்டிக்கொண்டு வருவது கலையன்று. மான் தானே வந்து நிற்கும்வரை காத்திருப்பதே கலை.