வாய்க்குள் இடைவெளி இல்லை: புணர்ச்சியின் அரசியல்

காரைக்கால் பஸ்ஸில் ஏறுகிற எவரும் 'நள்', 'ஆறு' என்று பிரித்துச் சொல்லித் திருநள்ளாற்றுக்கு டிக்கெட் கேட்பதில்லை. ளகரம் இரட்டித்து அடுத்த உயிரின் மேல் ஏறிக்கொள்கிறது. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் 9 இயல்களில், புணரியல் தொடங்கி 6 இயல்கள் இந்தப் புணர்ச்சியைத்தான் பேசுகின்றன.

இப்படியொரு மரபில் வந்த நமக்கு ஆங்கிலப் பேச்சு ஏன் பிடிபடுவதில்லை? "ரொம்ப வேகமாப் பேசுறாங்க சார்" என்கிறார்கள் என்னிடம் ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகள். வேகம் ஒரு சாக்கு. அச்சில் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே விடப்படும் வெற்றிடத்தைக் காதால் தேடுகிறார்கள். அது வாயில் இல்லை. எழுத்து மொழியை மறைக்கும் திரை என்று சசூர் கருதியது இந்த அளவிலாவது சரி.

'டென் கப்ஸ்' பேச்சில் 'டெங்கப்ஸ்' ஆகிறது. வரப்போகும் ககரத்துக்காக நாக்கு முன்கூட்டியே பின்னே போய்விடுகிறது. மரம் 'மரங்கள்' ஆவதும் இப்படித்தான். 'ஐ ஆம்' நடுவே யகரச் சாயலும் 'கோ அவே' நடுவே வகரச் சாயலும் நுழைகின்றன. மணியடிப்பதிலும் பூவழகிலும் வருகிற அதே உடம்படுமெய். 'நெக்ஸ்ட் டே'யில் ஒரு டகரம் காணாமல் போகிறது. பள்ளிக்கூடமோ சொற்களைச் செங்கல் செங்கல்லாக அடுக்கித் தருகிறது.

1739 முதல் 1954 வரை இவ்வூரை ஆண்ட பிரெஞ்சில் விவகாரம் இன்னும் சுவாரசியம். நண்பர்களைக் குறிக்கும் 'லெ', 'அமி' சேர்ந்தால் 'லெஸமி'; எழுத்தில் ஊமையாய்க் கிடந்த ஸகரம் உயிர்த்தெழுகிறது. சேர்ப்பது படித்தவன் அடையாளம். ஆனால் பீன்ஸைக் குறிக்கும் 'லெ அரிகோ'வைச் சேர்த்து 'லெஸரிகோ' என்றால் சிரிப்பார்கள். காரணம் ஓசையில் இல்லை. எழுத்தில் மட்டும் மிச்சமிருக்கிற ஒரு ஹகரத்தில் இருக்கிறது. எங்கே ஒட்டலாம், எங்கே ஒட்டக்கூடாது என்று சொல்லும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

தமிழுக்கு வருவோம். 'டிட் யூ' என்பது 'டிஜூ' ஆகிறது. யகரம் பக்கத்தில் வந்ததால் டகரம் அண்ணத்துக்கு இழுபடுகிறது. 'படித்து' என்பது 'படிச்சு' ஆகிறது. இகரம் பக்கத்தில் இருந்ததால் தகரம் அண்ணத்துக்கு இழுபடுகிறது. இரண்டும் ஒரே வேலை. முன்னதை இயல்பான ஆங்கிலம் என்று காசு கொடுத்துக் கற்கிறோம், பின்னதைச் சிவப்பு மையால் அடிக்கிறோம். இரண்டையும் கரும்பலகையில் அக்கம்பக்கமாக எழுதி எது கொச்சை என்று கேட்டுப் பார்க்கிறேன். யோசிக்காமல் 'படிச்சு'வைக் காட்டுகிறார்கள்.