ஒளியறிந்து படமெடுத்தல்

சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் வழியில், திருப்பதியை நெருங்கும்போது சந்திரகிரிக் கோட்டை எதிர்ப்படுகிறது. விசயநகரப் பேரரசின் பிற்காலத் தலைநகர்களுள் ஒன்றாகிய அவ்வூரில், மூன்று தளங்களையுடைய இராசமகால் இன்றும் நிலைத்து நிற்கிறது. இப்போது அருங்காட்சியகமாகவும் விளங்குகிறது. அதைக் காண நண்பகலில் வருவோர் பலர், கைப்பேசியில் ஒரே காட்சியை இருபது முறை எடுத்துச் செல்கின்றனர். வீடு திரும்பிப் பார்க்கையில் படத்தில் மாளிகையின் பொலிவு இல்லை. வெளிறிய சுவரே தெரிகிறது.

இது கருவியின் குறையன்று. உச்சிவேளையில் கதிரொளி மேலிருந்து விழுவதால் முகங்களில் கண்ணுக்குக் கீழே கருநிழல் படிகிறது. சுவரும் தட்டையாகத் தோன்றுகிறது. மாலையில் கதிரவன் மேற்கே சாயும்போது ஒளி பக்கவாட்டில் படரும். அப்போது வளைவுகளும் மாடங்களும் தத்தம் நிழலைப் பெற்று, ஆழம் உடையனவாகப் புலப்படும். அதே மாளிகை, அதே கைப்பேசி. காத்திருந்த நேரமே வேறுபாடு. 1858ஆம் ஆண்டில் மதுரை, தஞ்சாவூர்க் கோயில்களைப் படமெடுத்த லின்னேயஸ் டிரைப் காகித எதிர்ப்படிவங்களைப் பயன்படுத்தினார். ஒவ்வொன்றுக்கும் நெடுநேரம் ஒளியூட்ட வேண்டியிருந்த அக்காலத்தில், இருபது முறை எடுத்துப் பார்க்கும் வாய்ப்பு எவருக்கும் இல்லை.

திருமலையில் உள்ள சிலாதோரணம் வேறொரு பாடம் கற்பிக்கிறது. இயற்கையே செதுக்கிய அப்பாறை வளைவு ஏறத்தாழ 8 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உடையது. தனியே எடுத்த படத்தில் அது மலையா, சிறு கல்லா என்பது விளங்காது. வேலியோரம் ஒருவர் நின்றால் அளவு உடனே தெரிந்துவிடும். ஆயினும் பின்னால் வானம் ஒளிர்வதால் அவருடைய முகம் இருண்டுபோகும். படக்கருவி காட்சி முழுவதன் ஒளியையும் அளந்து சராசரி கொள்வதே அதற்குக் காரணம். திரையில் முகத்தின்மீது விரலால் தொட்டால், கருவி அம்முகத்திற்கேற்ப ஒளியைத் திருத்திக்கொள்ளும்.

முடிகாணிக்கை செலுத்தி, சந்தனம் பூசிய தலையுடன் வரும் குழந்தைகளைப் படமெடுக்க விழைவோர் உண்டு. பெற்றோரிடம் கேட்ட பின்னரே எடுத்தல் முறை. கேட்டவுடன் குழந்தை விறைத்து நிற்கும் என்பதும் உண்மையே. சற்றுப் பொறுத்தால் மீண்டும் விளையாடத் தொடங்கும். படமெடுப்பதற்குரிய நொடி அதுவே. கோயிலுக்குள் கைப்பேசிக்கும் படக்கருவிக்கும் அனுமதி இல்லை. அங்குக் கண்டவற்றைத் திரும்பும் வழியிலேயே ஏட்டில் எழுதி வைத்துக்கொள்ளும் மாணவர்களும் உளர்.