எலியின் உடலில் மனித மரபணு

முதுகெலும்பின் மூட்டுகள் ஆண்டுக்கணக்கில் அழற்சியுற்று, இறுதியில் எலும்போடு எலும்பாக இணைந்துவிடும் நோய் ஒன்று உண்டு. மருத்துவர் இதனை ஆங்கிலோசிங் ஸ்பான்டிலைட்டிஸ் என்பர். பெரும்பாலும் இளமையிலேயே தலைகாட்டும்; காலையில் படுக்கையிலிருந்து எழ இயலாதபடி முதுகை விறைக்கச் செய்யும். தாம் ஆராய்ந்த நோயாளருள் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேரிடம் எச்.எல்.ஏ. பி27 என்னும் மரபணு வடிவம் இருப்பதை, 1973இல் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இரு குழுவினர் தனித்தனியே கண்டனர்.

ஆறாம் குரோமோசோமில் அமைந்த இம்மரபணு, நோய்த்தடுப்பாற்றலுக்கு உரியது. செல்லினுள் உள்ள புரதங்களின் சிறு துண்டுகளைச் செல்லின் மேற்பரப்பில் ஏந்திக் காட்டும் புரதத்தை இது ஆக்குகிறது. அங்கே வைரசின் துண்டு தென்பட்டால், டி செல்கள் அச்செல்லை அழித்துவிடும். காவலுக்கு நின்ற மரபணு நோய்க்குத் துணைபோவது எவ்வாறு? மேலும், பி27 உடையோருள் பெரும்பாலோர் நலமாகவே வாழ்கின்றனர். எனவே குற்றவாளி இதுதானா, அருகிலுள்ள வேறொரு மரபணுவா என்னும் ஐயம் எழுந்தது. மனிதரிடம் சோதித்துத் தீர்க்கத்தக்க ஐயம் அன்று அது.

கருவுற்ற முட்டையின் உட்கருவில் நுண்ணூசியால் டி.என்.ஏ.வைச் செலுத்தும் முறை 1980களில் கைகூடியது. முதலில் சுண்டெலிகளுக்கே பி27 வழங்கப்பட்டது. அவை மனிதப் புரதத்தை ஆக்கின, நோயுறவில்லை. பலர் அத்துடன் கைவிட்டிருப்பர். 1990இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் ராபர்ட் ஹேமர், ஜோயல் டாரோக் குழுவினர் சுண்டெலியை விடுத்து, உருவிற் பெரிய எலியினத்தைத் தேர்ந்தனர். பி27 புரதத்துடன் இணைந்து நிற்கும் பீட்டா-2 மைக்ரோகுளோபுலினின் மனித மரபணுவையும் உடன் செலுத்தினர். மரபணுப் படிகள் மிகுதியாக அமைந்த எலிகளுக்கு வயிற்றுப்போக்கும் மூட்டு வீக்கமும் தோல் நோயும் தாமாகவே தோன்றின. படிகள் குறைந்தவை நலமாயிருந்தன. அதே குடும்பத்தைச் சேர்ந்த பி7 மரபணுவைப் பெற்ற எலிகளும் நோயுறவில்லை. ஐயம் பெரிதும் நீங்கியது.

ஆனால் மரபணு மட்டும் போதுமா? 1994இல் வெளியான ஆய்வில், நுண்ணுயிர்களே இல்லாத சூழலில் இவ்வெலிகள் வளர்க்கப்பட்டன. தோல் நோய் நீடித்தது. குடலும் மூட்டுகளும் அழற்சியுறவில்லை. குடலில் இயல்பாக வாழும் பாக்டீரியங்களுக்கும் இந்நோயில் பங்குண்டு என்பது இவ்வாறு புலனாயிற்று.

இதனினும் வியப்பு ஒன்று பின்னர் வந்தது. பி27 காட்டும் துண்டுகளைக் கண்டு செல்களை அழிக்கும் டி செல்களை எலிகளின் உடலிலிருந்து நீக்கிய பின்னும் நோய் தோன்றியது. ஆகவே துண்டுகளைக் காட்டும் பணியில் நேரும் பிழையே காரணம் என்னும் எளிய விளக்கம் தளர்ந்தது. பி27 புரதம் செல்லினுள் முறையாக மடியாமல் தேங்குவதே அழற்சியைத் தூண்டுகிறது என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.