மஞ்சள் நீரும் தெக்கோங் படகும்

ஒரு பிள்ளை எப்போது பெரிய பிள்ளையாகிறது? உடல் ஓரளவு சொல்லும். மீதியைச் சமூகம் சொல்லும். பருவச் சடங்குகளில் பிரித்து வைத்தல், இடைநிலையில் இருத்தல், மீண்டும் சேர்த்துக்கொள்ளுதல் என்ற மூன்று படிகள் உண்டென்று ஆர்னல்ட் வான் ஜெனப் என்னும் அறிஞர் 1909இல் எழுதினார்.

நம் பெண்களின் மஞ்சள் நீராட்டில் இம்மூன்றையும் காணலாம். தோட்டத்து லயங்களில் தாய்மாமன் ஓலைக் குச்சில் கட்டுவதை நாம் பார்த்திருக்கிறோம். சிங்கப்பூரின் அடுக்குமாடி வீட்டில் ஓர் அறையின் மூலையே குச்சில். மாலையும் மஞ்சளும் சீர்த்தட்டும் சிராங்கூன் சாலைக் கடைகளில் கிடைத்துவிடும். நாள் குறிப்பவர்கள் உறவினர்கள்.

ஆண் பிள்ளைக்கு நம்மிடையே பொதுவான பருவச் சடங்கு இல்லை. சிங்கப்பூரில் அந்த இடத்தில் அரசு வந்து நின்றது. 1965இல் தனி நாடானபோது அங்கே இருந்தவை இரண்டே காலாட்படைப் பிரிவுகள். தற்காப்பு அமைச்சராக இருந்த கோ கெங் சுவீ முன்னின்று, 1967 மார்ச்சில் தேசிய சேவைச் சட்டத் திருத்தம் நிறைவேறியது. ஆகஸ்டில் முதல் அணி முகாமுக்குப் போயிற்று. படைத்தொழிலைத் தாழ்வாக நினைத்த பெற்றோர் பலர் இருந்த காலம் அது. ஆகவே சமூக நிலையங்களில் விருந்து வைத்துப் பிள்ளைகளை வழியனுப்பினார்கள்.

இன்று 18 வயதில் அழைப்பு வருகிறது. சேவைக்காலம் இரண்டு ஆண்டுகள். தரைப்படைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் அடிப்படைப் பயிற்சி பெறுவது தெக்கோங் தீவில். பெற்றோரும் உடன் படகேறி, மகன் படுக்கப்போகும் கட்டிலைப் பார்த்து, முகாம் உணவகத்தில் அவனோடு உண்டு, உறுதிமொழியைக் கேட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். பிறகு தலைமயிர் ஒட்ட வெட்டப்படுகிறது. கோயிலில் முடியிறக்கும் நமக்கு இதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. தமிழ்ப் பையனும் சீனப் பையனும் அணிவகுப்பில் கேட்டு நடப்பது மலாய்க் கட்டளைகளை. கடைசியில் 24 கிலோமீட்டர் நடை. பின் பெற்றோர் முன்னிலையில் அணிவகுப்பு, வானில் பறக்கும் தொப்பிகள். சேர்த்துக்கொள்ளுதல் முடிந்தது.

ஆனால் தாய்மாமன் வரத் தவறினால் மனத்தாங்கல்தான் மிஞ்சும். இங்கே பிள்ளை வரத் தவறினால் 10,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். 13 வயதுப் பையனே மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்க வேண்டுமானால் அனுமதி பெற வேண்டும். பெற்றோர் வழியாக நிரந்தரவாசம் பெற்ற மகனுக்கும் இந்தக் கடமை உண்டு. ஆகையால் தமிழகத்திலிருந்து குடிபெயர்ந்த குடும்பங்கள், மகன் சிறுவனாக இருக்கும்போதே இதை எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சிறிய நாட்டின் தற்காப்புக்கு இது தேவை என்ற வாதத்தை நாம் மறுக்கவில்லை. என்றாலும் ஒன்றைக் கேட்கத் தோன்றுகிறது. 18 வயதில் துப்பாக்கி ஏந்தத் தகுதி பெறும் பிள்ளைக்கு அந்நாட்டில் வாக்குரிமை கிடைப்பது 21இல்தான். இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் அவன் சிறுவனா, பெரியவனா?