அண்ணாந்து பார்க்கும் ஊர்

டிசம்பர் வந்தால் ஐரோப்பாவில் இருக்கும் நம்மவர்கள் இருட்டைப் பற்றிப் புலம்புவார்கள். ஆஸ்லோவில் அப்போது மிகக் குறுகிய பகல் 6 மணி நேரம்கூட நீடிக்காது. திருவண்ணாமலையிலோ ஆண்டின் மிகக் குறுகிய பகலே ஏறக்குறைய 11½ மணி நேரம். ஆனாலும் அடைமழைக் காலத்தில் இந்த ஊர்க்காரரிடம் பேசிப் பாருங்கள். “வெயிலைப் பார்த்து நாலு நாளாச்சு, கட்டின துணி காயல” என்பார். நம் இருட்டு மேகம் கொண்டு வருகிற இருட்டு.

அது விலகும் நேரம் பார்த்து விளக்கேற்றியவர்கள் நம் முன்னோர். அகநானூற்றின் 141-ஆம் பாட்டில் நக்கீரர் காட்டும் கார்த்திகை விழா, மழை நீங்கிய வானத்தின் கீழேதான் நடக்கிறது. கார்த்திகைக்குப் பின் மழை இல்லை என்ற பழமொழியும் அந்தக் கணக்குத்தான்.

2024-இல் கணக்கு தப்பியது. நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல், நகராமல் மணிக்கணக்கில் அங்கேயே நின்று கொட்டியது. உள்மாவட்டங்களும் தப்பவில்லை, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. பதிவானது. டிசம்பர் 1 மாலை அண்ணாமலையார் மலைச் சரிவில் மண்ணும் பாறையும் பெயர்ந்து வ.உ.சி. நகர் வீடுகள் மீது விழுந்தன. ஏழு பேர் மாண்டார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். மறுநாள் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரில் தென்பெண்ணைக் கரை ஊர்கள் மூழ்கின.

டிசம்பர் 4-ஆம் தேதி கார்த்திகைத் தீபத் திருவிழாவுக்குக் கோயிலில் கொடியேறியது. 13-ஆம் தேதி மகா தீபம். இடையில் வல்லுநர் குழு மலையை ஆராய்ந்தது. பக்தர்கள் ஏறத் தடை வந்தது. கொப்பரையும் நெய்யும் சுமந்து செல்வோருக்கு மட்டும் வழி விட்டார்கள். வருத்தப்பட்டவர்கள் உண்டு. எனக்கு அந்த முடிவு சரியாகவே பட்டது. இந்தத் தீபம் ஏறிப் பார்க்க வைத்ததல்ல, கீழே நின்று கும்பிட வைத்தது. 2,668 அடி உயரத்தில், ஐந்தரை அடிக் கொப்பரையில், காடாத் துணித் திரி போட்டு ஏற்றுவதே சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் தெரியத்தானே!

விடியற்காலை 4 மணிக்குப் பரணி தீபம். மாலை 6 மணிக்கு அர்த்தநாரீஸ்வரர் வெளியே வந்து ஓரிரு நிமிடத்தில் உள்ளே போய்விடுவார். அந்த நேரத்தில் பருவதராஜ குலத்தார் உச்சியில் சுடர் ஏற்றுவார்கள். அதைக் கண்ட பிறகுதான் வாசல்களில் அகல். அப்புறம் வெல்லப்பாகில் பிடித்த பொரி உருண்டை. ஈரக்காற்றில் அது நமுத்துப்போகும், பிள்ளைகள் அதையெல்லாம் பார்ப்பதில்லை. கொளுத்துகிற சொக்கப்பனைக்கும், பொறி பறக்கச் சுற்றுகிற மாவலிக்கும் பனை வேண்டும். பனை குறையக் குறைய மாவலி சுற்றும் பிள்ளைகளும் குறைந்துவிட்டார்கள்.

தீபம் பதினோரு நாள் எரியும். கொப்பரை இறங்கிய பின், மார்கழி ஆருத்ரா தரிசனத்தன்று முதலில் நடராஜருக்குத் தீப மை சாத்தி, பிறகு பக்தர்களுக்குத் தருவார்கள்.

மலையே சிவன் என்கிற ஊர் இது. அந்தச் சிவனின் மடியில் வீடுகள் மேலே மேலே ஏறிக்கொண்டே போனதை யாரும் பெரிதாகத் தடுக்கவில்லை. அங்கே குடியேறியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கிரிவலப் பாதையோரம் மனை விற்கிற விலைக்கு அவர்களால் வேறெங்கே போயிருக்க முடியும்? பக்தர்களை மலையேறாமல் நிறுத்த ஒரு உத்தரவு போதும். அடிவாரக் குடும்பங்களுக்கு மாற்று இடம் தர, அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே வேலை தொடங்க வேண்டும்.