இதயம் படபடக்கும் அந்தப் பத்து நிமிடங்கள்

திருப்புதல் தேர்வுகள் தொடங்கியதும் பல பள்ளிகளில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். வினாத்தாளைக் கையில் வாங்கிய மாணவி திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள். மூச்சு வாங்கும், உள்ளங்கை வியர்க்கும், விரல்கள் மடங்கி இறுகும். "எனக்கு என்னமோ ஆகுது டீச்சர், செத்துருவேன் போல இருக்கு" என்பாள். சுற்றி நிற்பவர்களில் ஒருவர் "காலையில் சாப்பிட்டிருக்க மாட்டாள்" என்பார். "படிக்கவில்லை, அதனால் நடிக்கிறாள்" என்பார் இன்னொருவர். காத்து கருப்பு பட்டிருக்கும், மந்திரித்தால் சரியாகும் என்று சொல்பவரும் உண்டு.

இந்த நிலைக்கு மருத்துவத்தில் 'பேனிக் அட்டாக்' என்று பெயர். தமிழில் பீதித் தாக்குதல் எனலாம். இது நடிப்பு அல்ல. உடலில் உண்மையாகவே நடக்கும் ஒரு நிகழ்வு. அது எப்படி நடக்கிறது, அதற்குத் தரப்படும் மருந்துகள் பிள்ளைகளின் அன்றாட வாழ்விலும் படிப்பிலும் என்னென்ன மாற்றங்களை உண்டாக்குகின்றன என்பதை ஓர் அறிவியல் ஆசிரியராக இங்கே விளக்க முயல்கிறேன்.

உடலுக்குள் நடப்பது என்ன?

பத்தாம் வகுப்பில் அட்ரினலினை அவசர கால ஹார்மோன் என்று கற்பிக்கிறோம். எதிரே பாம்பைக் கண்டால் மூளையின் 'அமிக்டலா' என்ற சிறு பகுதி எச்சரிக்கை மணியை அடிக்கிறது. சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி அட்ரினலினைச் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு விரைகிறது, தசைகளுக்கு இரத்தம் பாய்கிறது, வயிற்றைக் கலக்குகிறது. ஓடுவதற்கோ எதிர்த்து நிற்பதற்கோ உடல் தயாராகிவிடுகிறது. பீதித் தாக்குதலிலும் நடப்பது இதுவேதான். ஒரே வேறுபாடு, எதிரே பாம்பு இல்லை.

விரல்கள் ஏன் மடங்குகின்றன? தேவைக்கு மேல் வேகமாக மூச்சு விடும்போது இரத்தத்தில் உள்ள கார்பன் டைஆக்சைடு அதிகமாக வெளியேறிவிடுகிறது. இரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் சற்றே சுருங்குவதால் தலை சுற்றுகிறது. இரத்தத்தில் உள்ள கால்சியம் அயனிகளின் அளவு குறைவதால் உதடும் விரல் நுனிகளும் மரத்துப்போகின்றன, விரல்கள் இழுத்துக்கொள்கின்றன. மூச்சே கிடைக்கவில்லை என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றினாலும் உடலில் ஆக்சிஜன் குறைந்திருப்பதில்லை.

1986இல் டேவிட் கிளார்க் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் இந்தச் சுழற்சியைத் தெளிவாக விளக்கினார். இதயம் படபடப்பதை ஒருவர் "மாரடைப்பு வருகிறது" என்று பொருள்கொள்கிறார். அந்த எண்ணம் பயத்தைக் கூட்டுகிறது. பயம் படபடப்பைக் கூட்டுகிறது. கூடிய படபடப்பு, முதலில் வந்த எண்ணத்தை உறுதிப்படுத்துகிறது. இப்படிச் சில நிமிடங்களில், பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள், தாக்குதல் உச்சத்தைத் தொடுகிறது. பிறகு தானாகவே தணியத் தொடங்குகிறது. பலருக்கும் அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். அதன்பின் மிகுந்த களைப்பு இருக்கும்.

ஒருமுறை இப்படி வந்ததாலேயே அது நோய் ஆகிவிடாது. எதிர்பாராமல் திரும்பத் திரும்ப வந்து, "மறுபடியும் வந்துவிடுமோ" என்ற அச்சம் ஒரு மாதத்துக்கும் மேல் நீடித்து, அதற்காகப் பேருந்தையோ வகுப்பையோ கூட்டத்தையோ தவிர்க்கத் தொடங்கினால்தான் அது பீதி நோய் எனப்படுகிறது. பெரும்பாலும் பதின்பருவத்தின் பிற்பகுதியிலும் இளமையிலும் தொடங்குவதால், மேல்நிலை வகுப்பு ஆசிரியர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் பதற்றம் வேறு உருவில் வரும். திங்கட்கிழமை காலையில் மட்டும் வரும் வயிற்று வலி, அம்மாவின் முந்தானையை விடாத பிடிவாதம், அடிக்கடி சிறுநீர் கழிக்கச் செல்வது ஆகியவை சில அடையாளங்கள். இவற்றுக்கு வேறு உடல் காரணங்களும் இருக்கக்கூடும் என்பதையும் நினைவில் கொள்வோம்.

அந்த நேரத்தில் நாம் செய்ய வேண்டியவை

முதலில் கூட்டத்தைக் கலைக்க வேண்டும். முப்பது பேர் சூழ்ந்து நின்று பார்ப்பதே ஒரு பயம். ஒரே ஒரு ஆசிரியர் மட்டும், பிள்ளையின் கண் மட்டத்துக்கு அமர்ந்து தாழ்ந்த குரலில் பேசட்டும். "இது பயத்தால் வருவது. கொஞ்ச நேரத்தில் குறைந்துவிடும். நான் இங்கேயே இருக்கிறேன்." இந்த மூன்று வாக்கியங்கள் போதும்.

"நல்லா ஆழமா மூச்சை இழு" என்று சொல்வது நம் வழக்கம். ஏற்கெனவே அளவுக்கு மீறி மூச்சு விடும் பிள்ளைக்கு அது உதவாது. நான்கு எண்ணும் வரை மூக்கு வழியாக மென்மையாக மூச்சை உள்ளே இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக வெளியே விடச் சொல்லுங்கள். நீங்களும் உடன் செய்யுங்கள். காகிதப் பையை மூக்கில் வைத்து மூச்சு விடச் செய்யும் பழைய முறை வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு இருப்பது ஆஸ்துமா என்றால் அது ஆபத்தாக முடியும். கையில் இரும்புச் சாவியைத் திணிப்பது, முகத்தில் தண்ணீரை அடிப்பது, கன்னத்தில் தட்டுவது எதுவும் தேவையில்லை.

எல்லா மூச்சுத் திணறலும் பீதித் தாக்குதல் அல்ல என்பதில் நாம் கவனமாக இருக்க வேண்டும். நினைவு தப்பினால், வலிப்பு வந்தால், ஓடும்போது நெஞ்சு வலித்தோ மயங்கியோ விழுந்தால், உதடு நீலம் பாய்ந்தால் உடனே 108ஐ அழைக்க வேண்டும். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு இன்ஹேலர் தேவைப்படலாம். இன்சுலின் போடும் பிள்ளைக்குச் சர்க்கரை குறைந்தாலும் நடுக்கமும் வியர்வையும் வரும். இரத்தசோகை, தைராய்டு குறைபாடுகளும் படபடப்பைத் தரும். எனவே முதன்முறை இப்படி வந்தால் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

தணிந்த பிறகு செய்வதும் முக்கியம். ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டால், "வகுப்பறை ஆபத்தான இடம், வெளியேறினால்தான் தப்பிக்கலாம்" என்று மூளை கற்றுக்கொள்ளும். சற்று ஓய்வெடுத்தபின், பிள்ளைக்கு விருப்பமிருந்தால் வகுப்புக்கே திரும்ப உதவுவது நல்லது. கதவருகே ஓர் இருக்கையும், கேட்காமல் வெளியே சென்றுவர அனுமதியும் கொடுத்தால் பல பிள்ளைகள் அந்த அனுமதியைப் பயன்படுத்தாமலே உட்கார்ந்துவிடுகிறார்கள்.

மருந்துகளும் அவற்றின் விளைவுகளும்

பிள்ளைகளின் பதற்றத்துக்கு முதலில் பரிந்துரைக்கப்படுவது பேச்சுவழிச் சிகிச்சை. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றிப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை அதில் முதன்மையானது. அது போதாதபோதும், பாதிப்பு கடுமையாக இருக்கும்போதும் மனநல மருத்துவர் மருந்தைச் சேர்க்கிறார்.

மருந்துகளில் இரண்டு வகைகளை நாம் அறிந்திருந்தால் போதும். முதல் வகை, நரம்பு செல்களுக்கிடையே செரட்டோனின் கூடுதல் நேரம் தங்கும்படி செய்பவை. செர்ட்ரலின், எஸ்சிட்டலோபிராம், ஃபுளுவாக்ஸெட்டின் இந்த வகை. இவை இன்று விழுங்கி நாளை பலன் தருபவை அல்ல. பல வாரங்கள் ஆகும். ஆனால் பக்க விளைவுகள் முதல் வாரத்திலேயே வந்துவிடலாம். குமட்டல், தலைவலி, தூக்கம் கெடுதல், சில நாள்களுக்குப் பதற்றமே கூடுதல் ஆகியவை அவை. "மாத்திரை சாப்பிட்டும் குறையவில்லை, கூடிவிட்டது" என்று பெற்றோர் நிறுத்திவிடுவது இந்தக் கட்டத்தில்தான்.

இன்னொரு செய்தியையும் ஆசிரியர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த வகை மருந்துகளைத் தொடங்கும் காலத்தில் சில பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2004இல் கடும் எச்சரிக்கை வெளியிட்டது. 2007இல் அதை 24 வயது வரையுள்ளவர்களுக்கும் விரிவாக்கியது. மருந்தே கூடாது என்பது இதன் பொருள் அல்ல. முதல் சில வாரங்களிலும், அளவை மாற்றும்போதும் பிள்ளையைக் கூர்ந்து கவனிக்க வேண்டும் என்பதே பொருள்.

இரண்டாம் வகை, விரைவாக அமைதிப்படுத்துபவை. அல்பிரசோலம், குளோனசிபாம், டயசிபாம் போன்றவை. இந்தக் குடும்பத்தின் முதல் மருந்து 1960இலும், டயசிபாம் 1963இலும் விற்பனைக்கு வந்தன. ஒரு மணி நேரத்துக்குள் படபடப்பு அடங்கும். அதுவே இவற்றின் கவர்ச்சி, ஆபத்தும் அதுவே. தூக்கக் கலக்கம், கவனச் சிதறல், புதிதாகப் படித்தது மனத்தில் பதியாமை, உடல் தடுமாற்றம் ஆகியவை உண்டாகும். சில வாரங்கள் தொடர்ந்து உட்கொண்டாலே உடல் இவற்றைச் சார்ந்திருக்கத் தொடங்கலாம். திடீரென்று நிறுத்தினால் பதற்றம் பன்மடங்காகத் திரும்பும், வலிப்புகூட வரலாம். மதுவுடன் சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகும் அபாயம் உண்டு. நம் நாட்டில் 2014 முதல் அல்பிரசோலம் போன்ற மருந்துகள் 'எச் 1' பட்டியலில் உள்ளன. மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது. விற்றதைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்றாண்டுகள் பாதுகாக்க வேண்டும்.

தேர்வு நாளில் "பயம் போக" என்று வீட்டுப் பெரியவரின் மாத்திரையில் பாதியைக் கொடுத்தனுப்பும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அது பயத்தோடு கவனத்தையும் சேர்த்து அணைத்துவிடும். சில பிள்ளைகளுக்கு அமைதிக்கு மாறாக எரிச்சலும் கிளர்ச்சியும் வரும். கை நடுக்கத்துக்குத் தரப்படும் புரோப்ரனலால் ஆஸ்துமா உள்ளவருக்கு ஆகவே ஆகாது. பெற்றோர் கூட்டத்தில் இதை வெளிப்படையாகவே சொல்லலாம்.

நான் உணர்ந்தது

நாற்பது வயதைக் கடந்தபின் எனக்கும் இந்தத் தாக்குதல்கள் வந்தன. பள்ளிக்குச் செல்லும் பேருந்தில் இரண்டு முறை, வகுப்பில் கரும்பலகையின் முன் ஒரு முறை. இ.சி.ஜி. சரியாக இருந்தது. மனநல மருத்துவர் தந்த முதல் வகை மருந்தை ஒன்றரை ஆண்டுகள் உட்கொண்டேன். முதல் பத்து நாள்கள் குமட்டல். நான்காவது வாரத்தில் பேருந்தில் அமர்ந்து சன்னல் வழியே வயல்களைப் பார்க்க முடிந்தது. சில மாதங்களில் வேறொன்றைக் கவனித்தேன். பயம் குறைந்ததுபோலவே மகிழ்ச்சியும் குறைந்திருந்தது. ஆண்டு விழாவில் என் வகுப்புப் பிள்ளைகள் பரிசு வாங்கியபோது கை தட்டினேன், உள்ளே ஒன்றும் அசையவில்லை. இது சிலருக்கு வரும் விளைவுதான் என்று சொல்லி மருத்துவர் அளவைக் குறைத்தார். பிறகு சில மாதங்களில் படிப்படியாக நிறுத்தினார்.

அந்தக் காலத்தில் ஆசிரியர் ஓய்வறையில் கேட்ட அறிவுரை, "மாத்திரையை விட்டுவிடுங்கள், பழகிவிடும்" என்பதுதான். முதல் வகை மருந்துகள் போதைப்பொருள்போல ஏங்க வைப்பவை அல்ல. ஆனால் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றலும், மின்சாரம் பாய்வது போன்ற அதிர்வும், எரிச்சலும் வரும். தொடங்குவதைப் போலவே நிறுத்துவதும் மருத்துவரின் வேலை. அன்புடன் சொன்னவர்களின் பேச்சைக் கேட்டு நிறுத்தியிருந்தால் என் நிலை மோசமாகியிருக்கும். என்னைப் போன்று மருந்து எடுக்கும் ஆசிரியர்கள் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கக்கூடும். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஆசிரியரின் குறிப்பேடு

மருத்துவர் ஒரு பிள்ளையைச் சில நிமிடங்கள் பார்க்கிறார். நாம் நாள் முழுவதும் பார்க்கிறோம். எங்கள் பள்ளியில் மருந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு மாணவி காலையில் முதல் இரண்டு பாடவேளைகளும் உறங்கி வழிவாள். மதியத்துக்குப் பின் தெளிவாக இருப்பாள். சோம்பல் என்று விட்டுவிடாமல் வகுப்பாசிரியர் இரண்டு வாரங்களுக்கு அதைத் தேதியிட்டுக் குறித்து, அம்மாவிடம் கொடுத்தனுப்பினார். அந்தத் தாளைப் பார்த்த மருத்துவர் மாத்திரை எடுக்கும் நேரத்தையும் அளவையும் மாற்றினார். அடுத்த வாரம் அவள் முதல் பாடவேளையில் விழித்திருந்தாள்.

குறிக்க வேண்டியவை மூன்று: தூக்கமும் கவனமும் எந்த நேரத்தில் எப்படி உள்ளன, சாப்பாட்டிலும் நண்பர்களோடு பழகுவதிலும் மாற்றம் உண்டா, பேச்சிலோ நோட்டிலோ சாவைப் பற்றிய சொற்கள் வருகின்றனவா. மூன்றாவது தென்பட்டால் காத்திருக்கக் கூடாது. அன்றே தலைமையாசிரியருக்கும் பெற்றோருக்கும் தெரிவித்து மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அதுவரை பிள்ளையைத் தனியே விடக் கூடாது. எந்த மாத்திரை, என்ன அளவு என்று நாம் கருத்துச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளையின் சிகிச்சை விவரத்தை ஓய்வறைப் பேச்சாக்கவும் கூடாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் அந்த இரகசியத்தை ஓர் உரிமையாகவே வைத்திருக்கிறது.

மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 2022 அக்டோபர் 10இல் தொடங்கப்பட்ட 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். பிள்ளைகளும் பேசலாம், ஆசிரியர்களும் பேசலாம். இந்த எண்ணைத் தலைமையாசிரியர் அறையோடு நிறுத்தாமல், தேர்வு அட்டவணை ஒட்டும் பலகையில் அதன் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். தேர்வு நாள் பார்க்க வரும் பிள்ளை அதையும் பார்த்துவிட்டுப் போகும்.