வெனிஸ் மூடும் மாதத்தில் மட்டக்களப்பு திறக்கும்

நவம்பர் பிறந்ததும் இரண்டு பழைய நீர்நகரங்களுக்குக் கடல்வாசலைப் பற்றிய கவலை வந்துவிடுகிறது. ஒன்று இத்தாலியின் வெனிஸ். மற்றது, கல்முனையிலிருந்து பஸ் ஏறினால் நாற்பது கிலோமீட்டரில் வந்துவிடும் மட்டக்களப்பு. வெனிஸ் வாசலை மூடப் பார்க்கிறது. மட்டக்களப்போ திறக்கப் பார்க்கிறது. இரண்டும் அஞ்சுவது வெள்ளத்துக்குத்தான்.

மட்டக்களப்பைப் பார்க்க ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை போகச் சொல்வார்கள். பாடும் மீன் கேட்கவேண்டுமானால் அது சரி. அந்த ஊர் எப்படி இயங்குகிறது என்று அறியவேண்டுமானால் மாரியில் போகவேண்டும். பெரியநீலாவணை தாண்டிக் கல்லாற்றை நெருங்கும்போதே விஷயம் புரியத் தொடங்கும். வலப்புறம் கடல், இடப்புறம் வாவி, நடுவே எழுவான்கரை என்ற ஒடுங்கிய மணல்நிலம். நகரத்தின் நடுப்பகுதியான புளியந்தீவு பெயருக்கேற்ற தீவுதான். 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை இன்றும் அதன் நீரோரத்தில் நிற்கிறது.

வாவியின் நீளம் ஏறத்தாழ 56 கிலோமீட்டர். அதன் தென்கோடி கல்முனைக்கு மேற்கே, நமது வயல்களின் ஓரத்தில் முடிகிறது. கிட்டங்கி வீதியை மூடிப் பாயும் வெள்ளமும் புளியந்தீவுப் பாலங்களுக்கடியில் ஓடும் தண்ணீரும் ஒரே நீர்நிலையைச் சேர்ந்தவை.

இந்தக் கரையில் ஆண்டுக்குச் சுமார் 1,650 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கும் மேல் நவம்பர், டிசம்பர், ஜனவரி மாதங்களில் கொட்டிவிடும். வங்காள விரிகுடாவின் ஈரத்தை வாரிக்கொண்டு வாடை வருகிறது. உன்னிச்சை, நவகிரி குளங்கள் நிரம்பி வான் கதவுகள் திறக்கின்றன. எல்லாம் வாவிக்கே வந்து சேர்கின்றன. வாவியின் பரப்பு ஏறத்தாழ 140 சதுர கிலோமீட்டர். நீர்மட்டம் ஒரு சென்ரிமீட்டர் ஏறுவதற்கே 140 கோடி லீற்றர் தண்ணீர் வேண்டும். பத்தாயிரம் லீற்றர் பவுசரில் ஏற்றினால், ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் பவுசர்! மாரியில் மட்டம் சென்ரிமீட்டர் கணக்கில் ஏறி நிற்பதில்லை என்பது வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் விவசாயிக்குத் தெரியும்.

இவ்வளவு தண்ணீரும் வெளியேற இரண்டே வழிகள். ஒன்று கல்லாற்றில், மற்றது பாலமீன்மடுவில், 1913இல் கட்டிய வெளிச்சவீட்டுக்கு அருகே. கோடையில் இரண்டையும் மணல் அடைத்துவிடும். அலைகள் கரையில் சாய்வாக மோதுகின்றன; ஏறும் நீர் மணலைச் சரிவாகத் தூக்கிச் செல்கிறது, இறங்கும் நீர் நேராக இழுத்துவருகிறது. இப்படி வளைந்து வளைந்து மணல் கரை நெடுகப் பயணம் செய்வதைக் ‘கரையோர நகர்வு’ என்பார்கள். முகத்துவாரத்தில் ஓட்டம் இல்லையென்றால் பயணி அங்கேயே தங்கிவிடுவார். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் கடல் பத்து மீட்டர்வரை ஏறி இறங்குவதால் அந்த ஓட்டமே வாயைக் கழுவித் திறந்து வைக்கிறது. நமது கரையில் ஏற்ற இறக்கம் அரை மீட்டரளவே. அதனால்தான் பெக்கோ இயந்திரம் வரவேண்டியிருக்கிறது.

ஆனால் பெக்கோ செய்வது மிகச் சிறிய வேலை. மணல்மேட்டின் குறுக்கே ஒடுங்கிய வாய்க்கால் ஒன்றை வெட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். மிச்ச வேலையைத் தண்ணீர் பார்த்துக்கொள்கிறது. உயர்ந்து நிற்கும் வாவி தாழ்ந்த கடலை நோக்கிப் பாய, அடிமணல் அரிபடும். அரிபட்டால் வாய்க்கால் ஆழமாகும். ஆழமானால் இன்னும் அதிக நீர் பாயும். அது இன்னும் அதிகம் அரிக்கும். ஓட்டத்தின் வேகம் இரட்டித்தால் அது சுமக்கும் மணல் இரண்டு மடங்காகாது, பல மடங்காகும். அடி குடையப்பட்ட கரைகள் பாளம் பாளமாகச் சரிய, சில மணித்தியாலங்களில் அங்கே ஓர் ஆறு ஓடும்.

எல்லாம் நேரத்தில்தான் இருக்கிறது. வாவி போதிய உயரம் ஏறுமுன் வெட்டினால் ஓட்டத்தில் வலு இருக்காது, அலைகள் பள்ளத்தைத் திரும்ப அடைத்துவிடும். கடல் வற்றும் நேரம் பார்த்து வெட்டினால் உயர வேறுபாடு கூடிக் கிடைக்கும். தாமதித்தாலோ பெரும்போக நெற்பயிர் தண்ணீருக்குள் கிடக்கும். ஒரு வாரம், பத்து நாள் முழுக மூழ்கினால் பெரும்பாலான இரகங்கள் அழுகிவிடும். ஆகவே வயற்காரரும் மீனவரும் அதிகாரிகளும் இதைப் பேசித்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. பேச்சு எப்போதும் இனிமையாக நடக்கும் என்று சொல்லமாட்டேன்.

மீனவருக்கு இதில் என்ன? வெள்ளத்தின் வேகம் தணிந்ததும் திறந்த வாயில் இருவழிப் போக்குவரத்து தொடங்கும். கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ இரண்டரை சதவீதம் கனம் கூடியது. அந்தச் சிறு வேறுபாடு போதும்: மேலே நன்னீர் கடலுக்குப் போக, அடியில் உப்புநீர் ஆப்புபோல வாவிக்குள் நுழையும். நிபுணர்கள் இதற்கு ‘உப்பு ஆப்பு’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். கடலில் முட்டை பொரித்த இறால் குஞ்சுகள் இந்த வாசல்வழியே உள்ளே வந்து, வளர்ந்து, முட்டையிடக் கடலுக்கே திரும்புகின்றன.

வெனிஸின் கதை தலைகீழ். அந்த வாவி நமதைப்போல நான்கு மடங்கு பெரியது, வாய்கள் மூன்று. வாவியை வண்டல் தூர்த்துவிடுமென்று அஞ்சி, வந்து விழுந்த ஆறுகளை வெனிஸ்காரர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வேறுபக்கம் திருப்பிவிட்டார்கள். ஆகவே அவர்களுக்கு வெள்ளம் மலையிலிருந்து வராது, கடலிலிருந்து வரும். குளிர்காலத்தில் தென்கிழக்குக் காற்று ஒடுங்கிய அட்ரியாற்றிக் கடலின் மூலைக்கு நீரைத் தள்ளும். 1966 நவம்பர் 4ஆம் திகதி அது 194 சென்ரிமீட்டர் ஏறியது. இன்று மூன்று வாய்களிலும் 78 எஃகுக் கதவுகள் கடலடியில் படுத்திருக்கின்றன. உள்ளே நீர் நிரம்பியிருக்கும்வரை அவை எழா. காற்றை அழுத்திச் செலுத்தி அந்நீரை வெளியேற்றினால் தாமாக மிதந்தெழுந்து கடலை மறிக்கும். 2020 அக்டோபரில் முதன்முறையாக உண்மையான பெருக்கொன்றை அவை தடுத்தன.

பல நூறு கோடி யூரோ விழுங்கிய அந்தக் கதவுகளைவிட, நம்முடைய மணற்கதவு எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே பிடிக்கும்; கோடை வந்தால் அலைகளே அதைச் சம்பளமில்லாமல் மூடிவைக்கின்றன. வாய் வெட்டிய செய்தி கேட்டுப் பாலமீன்மடுவுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும்: விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி நில்லுங்கள். நீங்கள் நிற்கும் மணலின் அடியையும் தண்ணீர் குடைந்துகொண்டிருக்கும்.